லீவு லெட்டர் கொடுத்தால் மட்டும் போதாது: புதிதாகச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு

நான் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்குத் தற்செயல் விடுப்பு (சி.எல்.) எழுதிக் கொடுத்தேன். புதன், வியாழன், வெள்ளி பொங்கல் விடுமுறை. சனி, ஞாயிறு எப்படியும் பள்ளி இல்லை. அடுத்த திங்கள் முதல் வியாழன் வரை இன்னும் நான்கு நாள் சி.எல். மொத்தம் ஆறு சி.எல். தானே, புது வருடத்துக்குப் பன்னிரண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது நான் எடுத்தது சி.எல். ஆகாது என்றார்கள். நடுவில் வந்த விடுமுறை நாள்களும் சேர்ந்து பத்து நாளைத் தாண்டிவிட்டதாம். முழுவதையும் ஈட்டிய விடுப்பாக மாற்றினார்கள். என் கணக்கில் அவ்வளவு நாள் இல்லை. இருந்தது போக மீதிக்குச் சம்பளம் போனது. அதைவிடப் பெரிய அடி, தகுதிகாண் பருவம் (புதிதாகச் சேர்ந்தவரின் சோதனைக் காலம்) முடியும் தேதியும் தள்ளிப்போனது. இதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற மாநிலங்களிலும் தனியார் பள்ளிகளிலும் கணக்கு வேறு.

1. முதலில் எந்த லீவு என்று முடிவு செய்யுங்கள்

பள்ளியில் எல்லாவற்றையும் "லீவு" என்றுதான் சொல்வோம். ஆனால் விதிப்படி தற்செயல் விடுப்பு என்பது விடுப்பே இல்லை. அது ஒரு சலுகை. அந்த நாளில் நீங்கள் பணியில் இருந்ததாகவே கணக்கு. அதனால் சம்பளம், ஊதிய உயர்வு, தகுதிகாண் பருவம் எதையும் அது தொடாது. ஈட்டிய விடுப்பும் (ஈ.எல்.) மருத்துவ விடுப்பும் (எம்.எல்.) அப்படி இல்லை. சம்பளம் வரும், ஆனால் அந்த நாள்கள் பணி நாள்கள் ஆகா. புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஏனென்றால் நம் தகுதிகாண் பருவம் "சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடம்" இல்லை. தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு பணியில் இருந்திருக்க வேண்டும். பத்து நாள் ஈ.எல். எடுத்தால் முடிவுத் தேதி பத்து நாள் தள்ளும். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த தோழிக்குத் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை வந்துவிட்டது. எனக்கு அடுத்த பட்டியலில்தான் வந்தது.

சரி, எது எதற்கு? ஒன்றிரண்டு நாள் சொந்த வேலை என்றால் சி.எல். பண்டிகை, கோவில் திருவிழா என்றால் முதலில் ஆர்.எல். (வரையறுக்கப்பட்ட விடுப்பு) பாக்கி இருக்கிறதா பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போகும் திருமணம், வீடு கட்டுவது, பெற்றோருக்கு அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு ஈ.எல். உங்களுக்கே உடம்பு சரியில்லை, மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்கிறார் என்றால்தான் எம்.எல். அப்பா அம்மா நோய்க்கு எம்.எல். கிடையாது. இதைத் தெரியாமல் விண்ணப்பம் எழுதித் திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

2. சி.எல்.: பன்னிரண்டு நாள், ஒரு பத்து நாள் வேலி

காலண்டர் ஆண்டுக்கு 12 நாள். கல்வியாண்டுக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை. மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டுக்கு வராது, காசாகவும் மாறாது. அரை நாளாகவும் எடுக்கலாம். வங்கி வேலை, பத்திரப்பதிவு மாதிரி விஷயங்களுக்கு அரை நாளே போதும். வருடத்தின் நடுவில் சேர்ந்தவர்கள் டிசம்பருக்குள் பன்னிரண்டும் தங்களுக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் சேர்ந்த மாதத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். தலைமையாசிரியரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இந்த வேலிதான். சி.எல்.-ஐ ஞாயிறு, அரசு விடுமுறை ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கலாம். நடுவில் வரும் விடுமுறை நாள் சி.எல். கணக்கில் கழியாது. ஆனால் நீங்கள் தொடர்ச்சியாகப் பள்ளிக்கு வராத மொத்த நாள் பத்தைத் தாண்டக் கூடாது. என் கணக்கையே பாருங்கள்: 2 சி.எல்., 3 பொங்கல், 2 சனி ஞாயிறு, 4 சி.எல். இதுவே பதினொன்று. முதல் திங்களுக்கு முந்தைய சனி, ஞாயிறையும் சேர்த்தால் பதின்மூன்று. செவ்வாய் அன்று ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு துண்டாகியிருக்கும், எந்தச் சிக்கலும் வந்திருக்காது. ஆகவே விண்ணப்பம் எழுதும் முன் காலண்டரில் கடைசியாகப் பணியாற்றிய நாளுக்கும் திரும்பிச் சேரும் நாளுக்கும் நடுவே உள்ள கட்டங்களை விரல் வைத்து எண்ணுங்கள். எனக்கு இது இப்போது பழக்கமாகிவிட்டது. பார்த்தவர்கள் நல்ல நேரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதே காரணத்தால் கோடை விடுமுறையோடு சி.எல். ஒட்டாது. ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பேருந்து முன்பதிவு செய்துவிடாதீர்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும் எண்ணிப் பார்த்துவிட்டே கேளுங்கள். இன்னொன்று: சி.எல்.-ஐ ஈ.எல்., எம்.எல். இவற்றோடு இணைக்க முடியாது. மூன்று நாள் சி.எல். முடித்து அப்படியே ஈ.எல். தொடர்கிறேன் என்றால் அந்த மூன்று நாளும் ஈ.எல்.-க்கே போகும்.

3. சி.எல். கடிதம் கொடுக்கும் முறை

வெள்ளைத் தாளில் நான்கு வரி போதும். அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு "சொந்த வேலை காரணமாக இன்ன தேதியில் ஒரு நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று முடித்துவிடலாம். காரணத்தைக் கதையாக எழுத வேண்டாம். வெளியூர் போகிறீர்கள் என்றால் தங்கும் முகவரியையும் கைபேசி எண்ணையும் ஒரு வரியில் சேருங்கள். இதுவரை எத்தனை நாள் எடுத்திருக்கிறீர்கள், இதோடு எத்தனை என்று கீழே குறித்துவிட்டால் தலைமையாசிரியருக்கும் வேலை மிச்சம்.

இப்போது பெரும்பாலும் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியிலும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அங்கே பதிந்துவிட்டேனே என்று தாள் கடிதத்தை விட்டுவிடாதீர்கள், பள்ளியில் கேட்டால் இரண்டும் கொடுங்கள். செயலியில் பதிவது மட்டும் இல்லை, ஒப்புதல் ஆனதா என்றும் இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். நிலுவையில் அப்படியே கிடக்கும் விண்ணப்பம் விண்ணப்பிக்காத விடுப்புக்குச் சமம்.

அவசரம் என்றால் காலையில் பள்ளி தொடங்கும் முன்பே தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். பேசியது காற்றோடு போகும், எழுதியது இருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் செயலியில் ஆசிரியர் வருகையைக் காலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் திருத்தம்தான்.

ஈராசிரியர் பள்ளி என்றால் தலைமையாசிரியருக்கு முன்பு அடுத்த ஆசிரியரிடம் பேசுங்கள். விதியில் இப்படி ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் இல்லாத நாளில் ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாகப் பார்க்கப்போவது அவர்தான். இருவரும் ஒரே நாளில் எடுத்தால் பள்ளியைத் திறக்க ஆள் இருக்காது. அடுத்த பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணிக்கு அனுப்ப வட்டாரக் கல்வி அலுவலகம் அலைய வேண்டும். அந்த எரிச்சல் அடுத்த முறை உங்கள் விண்ணப்பத்தில் தெரியும்.

4. தேதி போடாத கடிதம் எழுதித் தராதீர்கள்

சில பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. தேதி போடாத சி.எல். கடிதம் ஒன்றை எழுதி மேசையில் வைத்துவிடுவது. ஆய்வுக்கு யாராவது வந்தால் தேதியைப் போட்டுக் காட்டுவார்கள், வராவிட்டால் கடிதம் பத்திரமாக அடுத்த தடவைக்கு. புதிதாக வந்தவரிடம் "எல்லாரும் செய்வதுதான்" என்பார்கள். செய்யாதீர்கள். செயலியில் ஒன்று, பதிவேட்டில் வேறொன்று என்று வந்தால் விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணையில் உங்கள் பெயர்தான் இருக்கும். அனுமதி இல்லாமல் வராத நாள்களுக்குச் சம்பளம் பிடிப்பதோடு நிற்காது. 17(அ), 17(ஆ) என்று ஆசிரியர் அறையில் பயத்தோடு சொல்வார்களே, அந்த ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். தகுதிகாண் பருவத்தில் அது வேண்டவே வேண்டாம்.

5. ஆர்.எல்.: மூன்று நாள், கேட்காமலே போய்விடும்

வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆண்டுக்கு மூன்று நாள். அரசு வெளியிடும் பட்டியலில் உள்ள பண்டிகை நாள்களில் மட்டும் எடுக்கலாம். எந்த மதத்தின் நாளாக இருந்தாலும் யாரும் எடுக்கலாம். ஜனவரியில் பட்டியலை அச்செடுத்து, உங்கள் ஊர் விசேஷத்தோடு ஒத்துப்போகும் மூன்றை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். நவம்பரில் "இன்னும் ஆர்.எல். எடுக்கவே இல்லையே" என்று தேடும்போது பட்டியலில் நாளே மிச்சம் இருக்காது, அல்லது அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருக்கும்.

6. ஈ.எல்.: சேமிப்புக் கணக்கு மாதிரி

மற்ற அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. கோடை விடுமுறை நமக்கு இருப்பதால் 17 நாள்தான். அதிகபட்சம் 240 நாள் வரை சேரும். ஓய்வு பெறும்போது கணக்கில் இருக்கும் நாள்களுக்குக் கடைசிச் சம்பளப்படி பணம் கிடைக்கும். ஒன்றையும் தொடாமல் இருந்தாலும் 240 நிறைய 14 வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு 20,600 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் செலவழிக்கும் ஒரு நாள், ஓய்வு பெறும்போது பல மடங்கு மதிப்புள்ள நாள். அதற்காகத் தேவை வரும்போதும் எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. சி.எல்.-இல் முடியும் வேலைக்கு ஈ.எல். போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆண்டுக்கு 15 நாள் சரண்டர் செய்து பணமாக வாங்கும் வசதி 2020-இல் நிறுத்தப்பட்டு, 1.10.2025 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. யார் எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதற்குத் தனி ஒழுங்கு இருக்கிறது. உங்கள் பள்ளியில் சம்பளப் பட்டியல் போடுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை: இதற்கென்று உள்ள படிவத்தில், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வரும் விடுமுறை நாள்களை முன் இணைப்பு, பின் இணைப்பு என்று படிவத்திலேயே எழுதி அனுமதி கேட்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த நாள்களும் விடுப்பில் கழிய வாய்ப்பு உண்டு. ஆனால் நடுவில் வரும் ஞாயிறும் பண்டிகையும் எப்படியும் ஈ.எல். ஆகவே கழியும், சி.எல். மாதிரி தப்பிக்காது. அதனால் புதன் முதல் அடுத்த புதன் வரை எடுப்பதைவிட, திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்து இரண்டு பக்கமும் சனி, ஞாயிறை இணைத்தால் ஐந்து நாள் செலவில் ஒன்பது நாள் கிடைக்கும்.

கிளம்பும்போது பொறுப்பு ஒப்படைத்ததற்கும், திரும்பியதும் பணியேற்றதற்கும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள். முற்பகலா பிற்பகலா என்று அவசியம் குறிப்பிடுங்கள்.

தேர்தல் பணி, பொதுத் தேர்வுப் பணி ஆணை கையில் இருக்கும்போது தலைமையாசிரியர் கொடுத்த விடுப்பு உங்களைக் காப்பாற்றாது. ஆணை போட்ட அதிகாரியிடமே கேட்டு விலக்கு வாங்க வேண்டும்.

7. எம்.எல்.: சான்றிதழில் உள்ள தேதிதான் எல்லாம்

மருத்துவ விடுப்பு நாள்கள் உங்கள் பணிக்கால நீளத்தைப் பொறுத்துக் கூடும். நீண்ட பணிக்காலத்துக்குப் பிறகு அது 540 நாள் வரை போகும். புதிதாக வந்தவருக்கு மிகக் குறைவு. எத்தனை நாள் கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மருத்துவரிடம் நாள் எழுதச் சொல்லுங்கள்.

மருத்துவச் சான்றில் நான்கு விஷயம் சரியாக இருக்க வேண்டும்: நோயின் பெயர், எந்தத் தேதி முதல் எத்தனை நாள் ஓய்வு, மருத்துவரின் பதிவு எண்ணோடு முத்திரை, உங்கள் கையெழுத்து. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறப்பார்கள். சான்றில் விடுப்பு எடுப்பவரும் கையொப்பமிட இடம் இருக்கும். அது வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மருந்துச் சீட்டைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

திரும்பிச் சேரும் நாளில் உடற்தகுதிச் சான்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட விடமாட்டார்கள், விடவும் கூடாது. சான்று வாங்க அன்று காலையில் மருத்துவமனை வரிசையில் நின்று, மதியம் பள்ளிக்கு வந்து, அந்த நாளும் விடுப்பில் சேர்ந்தது ஒரு நண்பருக்கு. முந்தைய நாளே வாங்கி, மறுநாள் முற்பகல் முதல் பணிக்குத் தகுதி என்று எழுதச் சொல்லுங்கள். 60 நாளுக்கு மேல் போனால் மருத்துவக் குழு முன்பு நிற்க வேண்டியிருக்கும். அதற்குச் சிகிச்சைத் தாள்கள் எல்லாம் தேவைப்படும், ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

படுத்த படுக்கையாக இருந்தால் யாரையாவது கொண்டு கொடுத்தனுப்புங்கள், அல்லது ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

8. மகப்பேறு விடுப்பு

உயிரோடுள்ள குழந்தைகள் இருவருக்குக் குறைவாக இருந்தால், முழுச் சம்பளத்தோடு 12 மாதம். 1.7.2021 முதல் இந்த அளவு. அதற்கு முன் ஒன்பது மாதமாக இருந்தது. பிரசவத் தேதி குறித்த மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பிரசவத்துக்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் என்று பிரித்துக்கொள்வது உங்கள் விருப்பம். குழந்தையோடு இருக்கும் நாள் கூடட்டும் என்று பலர் ஒன்பதாம் மாதம் வரை வேலைக்கு வருகிறார்கள். மலைப்பாதையிலும் ஷேர் ஆட்டோவிலும் போய்வருபவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இந்த விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் உங்கள் ஆணை தயாராகும்போது இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், தானாகச் சேர்ப்பார்கள் என்று இருக்க வேண்டாம்.

9. செலவு எவ்வளவு

விடுப்புக்குக் கட்டணம் எதுவும் இல்லை. யாராவது "டீ செலவுக்கு" என்றால் கொடுக்காதீர்கள். உண்மையான செலவு நகல் எடுக்க, தபாலுக்கு, சான்றுக்கு மருத்துவர் வாங்கும் தொகை, அப்புறம் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்வரும் பேருந்துக் காசு. அலுவலகத்தை நேரில் பார்க்கப் போவதற்கே அரை நாள் சி.எல். போடுவது நம் பணியின் தனி வேடிக்கை.

விடுப்பு தவறாகப் போனால்தான் செலவு. 20,600 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சம்பளமில்லா விடுப்பு ஒரு நாள் என்றால், முப்பது நாள் மாதத்தில் 686 ரூபாய் அடிப்படையில் மட்டுமே போகும். அகவிலைப்படியும் மற்ற படிகளும் தனி. மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பு என்றால் ஊதிய உயர்வுக்கான காலமும் நீளும்.

10. பணிப்பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள்

ஈ.எல்., எம்.எல். எடுத்தால் அனுமதி ஆணை வரும். அதில் ந.க. எண் (கோப்பு எண்), தேதி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, இணைப்பு நாள்கள் என்று எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆணையைப் பார்த்துப் பணிப்பதிவேட்டிலும் விடுப்புக் கணக்கிலும் பதிய வேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களின் பதிவேடு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்கும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் உங்கள் பள்ளி அலுவலகத்திலேயே.

ஆண்டுக்கு ஒரு முறையாவது போய் எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பதிவேடு. எனக்கு ஒரே ஈ.எல். இரண்டு பக்கத்தில் இரண்டு முறை கழிக்கப்பட்டிருந்தது. ஆணை நகல் கையில் இருந்ததால் பத்து நிமிடத்தில் சிவப்பு மையில் திருத்தினார்கள். நகல் இல்லாதிருந்தால் பழைய கோப்பைத் தேடச் சொல்லி எத்தனை நடை நடந்திருப்பேனோ.

விடுமுறை நாளில் பயிற்சி, தேர்தல் வகுப்பு என்று அழைத்தால் வருகைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈடுசெய் விடுப்பு கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

என் பையில் இப்போதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் சி.எல்., ஒரு பக்கம் ஆர்.எல்., ஒரு பக்கம் ஈ.எல். எடுத்த அன்றே தேதி எழுதி, பக்கத்தில் மிச்சம் எத்தனை என்று போட்டுவிடுவேன். அப்பா நடக்க ஆரம்பித்த பிறகு எனக்கு வாங்கிக் கொடுத்த நோட்டு அது.